துளசிமணி துடைத்த விமானம்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பற்பசைக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் மேசை ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் கிடந்தது. இன்று எடுத்துத் துடைத்தேன். இனி இது ஏ.என். 32 என்கிற விமானப்படைச் சரக்கு விமானத்தின் மாடல் கட்டுமானக் குறிப்பு. எந்தப் பாகத்தை எப்போது ஒட்டினேன், எந்த நிறத்தோடு எதைக் கலந்தேன் என்பது மட்டும்தான் இதில் வரும். சொந்த விஷயம் எழுதுவதற்கில்லை.

பெட்டியைத் திறந்ததும் வருகிற பிளாஸ்டிக் வாசனை எனக்குப் பிடிக்கும். நிஜ விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. முடித்து வைத்தால் இறக்கை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும். நான் விமானப்படைத் தளம் இருக்கும் சூலூரில் பிறந்து வளர்ந்தவள். இந்த விமானம் தலைக்கு மேலே போன சத்தத்தில்தான் பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டேன் என்று அம்மாவிடம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் இன்றுவரை நம்பவில்லை.

விஜயதசமியன்று கோயம்புத்தூரில் எங்கள் மாடல் கிளப்பின் கண்காட்சியும் போட்டியும். போன வருடம் எனக்கு இரண்டாம் பரிசு. நடுவர் எழுதிய குறிப்பு: 'வேலை சுத்தம். அளவுக்கு மேல் சுத்தம். பல் டாக்டர் செய்த விமானம் என்று பார்த்ததும் தெரிகிறது.' பறந்து பறந்து பழசான விமானத்தில் புகைக்கரி இருக்கும், எண்ணெய் கசிந்திருக்கும், பெயின்ட் உதிர்ந்திருக்கும். அதையெல்லாம் கொண்டுவருவதுதான் இந்தக் கலையில் பாதி. இந்த வருடம் அழுக்கு என்றால் என்னவென்று அந்த மனிதருக்குக் காட்டப்போகிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

உடல் பகுதியின் இரண்டு பாதிகளையும் ஒட்டிக் கட்டி வைத்தேன்.

எங்கள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், வீட்டின் முன்பக்கத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். பெயர் காசிராஜன். விமானப்படையில் இருபது வருடம் இருந்து சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றாலும் நாற்பத்து நான்கு வயதுதான், அங்கே அப்படித்தானாம். கோவில்பட்டிக்காரர். சொந்த ஊர்க் கடலைமிட்டாயைக் கடித்து, கடைவாய்ப் பல்லை உடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

என் தொழிலில் ஒரு வசதி உண்டு. எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார், ஆனால் பேச முடியாது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகலாம், மறுபேச்சு வராது. பதினெட்டு வருடத்தில் அது பழகிவிட்டது. இன்று இந்த மனிதர் ஆள்காட்டி விரலை நீட்டி நீட்டி என்னவோ சொல்லப் பார்த்தார். வலிக்கிறதாக்கும் என்று இன்னொரு ஊசி போட்டேன்.

வாய் கொப்பளித்த பிறகு, "வலி இல்லீங்க. அலமாரில ஒரு டப்பா வச்சிருக்கீங்களே, அது மேல இருக்கிறது நம்ம வண்டி. பதினோரு வருஷம் அதுலதான் வேலை பார்த்தேன்" என்றார்.

விமானத்தை வண்டி என்கிறார். பாதி உதடு மரத்துப்போயிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இறக்கைக்கும் உடலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இதை அடைக்கக் கடையில் விற்கும் மாவு எனக்குத் தோதுப்படாது. பல் அடைக்கிற கலவையை வைத்து நீல விளக்கைக் காட்டினேன், கல்லாகிவிட்டது. தேய்த்ததும் இடைவெளி இருந்த சுவடே இல்லை.

காசிராஜன் பார்க்க வந்திருந்தார். அம்மாதான் "வாங்க தம்பி, இவ பண்ற கூத்த நீங்களாச்சும் பாருங்க" என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள். விமானத்தை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்துட்டு மறந்துபோய் நிமிர்ந்தா மண்டையில இடிக்கும். நான் மறக்காத நாளே இல்லை."

நெற்றியில் வடுவைக் காட்டினார். சின்ன வடு. இடது புருவத்துக்கு மேலே, பிறை மாதிரி. கட்டுமானத்துக்கு இந்தத் தகவல் தேவையில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முதுகில் இருக்கும் கம்பி ஆன்டெனா வலப்பக்கமா இடப்பக்கமா என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம். வலப்பக்கம்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்றார். அவருடைய போனிலேயே ஒரு பழைய போட்டோவைத் தேடவைத்தேன். விமானத்தின் முன்னால் பத்துப் பேரோடு நிற்கிறார், மெலிந்து, மீசை இல்லாமல். ஆன்டெனா இடப்பக்கம் இருந்தது.

வெகுநேரம் போட்டோவைப் பார்த்தார். "பதினோரு வருஷம் பார்த்த வண்டி, டாக்டர்" என்றார். பிறகு மாடிக்குப் போய்த் தண்டனையாக ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு பல் டாக்டரிடம் இதைக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்.

தின்றேன். துளசிமணி பார்த்துவிட்டாள். பதினான்கு வருடமாக என் கிளினிக்கில் உதவியாளராக இருப்பவள். வருகிற பிள்ளைகளிடம் எல்லாம் மிட்டாய் தின்னக் கூடாது என்று என் குரலிலேயே சொல்பவள். வாய் கொப்பளிக்கிற டம்ளரில் தண்ணீர் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாக்பூரில் விமானம் பராமரிக்கிற ஒரு கம்பெனி காசிராஜனை வேலைக்குக் கூப்பிடுகிறதாம். நல்ல சம்பளம், குடியிருக்க வீடு. விஜயதசமி அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொன்னால், தீபாவளி முடிந்து சேர வேண்டியதுதான். இங்கே பக்கத்தில் ஒரு பயிற்சி நிலையத்திலும் பாடம் நடத்தக் கேட்கிறார்களாம். "ரெண்டு மனசா இருக்குங்க. இங்கே இருன்னு சொல்லவும் ஆள் இல்லை, போன்னு சொல்லவும் ஆள் இல்லை" என்றார். பெற்றோர் இல்லை. இரண்டு அக்காக்களைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தனக்கு வயது போய்விட்டது என்று வேறொரு நாள் சொல்லியிருக்கிறார்.

நல்ல வாய்ப்பு, விடாதீர்கள் என்றேன். மாடி வீட்டுக்கு வேறு ஆள் கிடைக்காமலா போய்விடும்.

சாம்பல் நிறம் கலந்தது சரியில்லை. கறுப்பு கூடிவிட்டது. கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கிளினிக் விடுமுறை. காய்ந்துவிட்டால் லேசில் கரையாத லாக்கர் பெயின்ட்டில் சாம்பல் நிறம், மூன்று மெல்லிய பூச்சு. இந்தத் தடவை நிறம் அப்படியே வந்தது. காசிராஜன் ஒரு கையில் கொழுக்கட்டையும் மறு கையில் டார்ச்சும் வைத்துக்கொண்டு வால் பக்கம் வெளிச்சம் காட்டினார். நாக்பூரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

நல்ல நாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அழுக்கு வேலை ஆரம்பம். எஞ்சின் இரண்டும் இறக்கைக்கு மேலே உட்கார்ந்திருக்கும். புகை போகிற வழியெல்லாம் கரி படியும். அதற்கு அம்மாவின் குத்துவிளக்கில் இருந்து கரி சுரண்டினேன். அதைவிட நல்ல கரி எந்தக் கடையிலும் கிடைக்காது. எண்ணெய்க் கசிவுக்குப் பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்து, ரூட் கெனால் ஊசியால் இழுத்துவிட்டேன். இறக்கை ஓரங்களில் பெயின்ட் உதிர்ந்த மாதிரி வெள்ளிப் புள்ளிகள். நான்கு மணிக்குள் அது ஒரு பாவப்பட்ட விமானமாகிவிட்டது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

காசிராஜன் டீயோடு வந்தார். பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்ன டாக்டர் இது. காயலான் கடைக்குப் போற வண்டி மாதிரி இருக்கு."

சின்ன உருவத்தில் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, மேடைக்கு மேக்கப் போடுவதும் அப்படித்தான் என்று விளக்கினேன். நான் சொன்னது சரி. உலகம் முழுவதும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"இருக்கலாம். விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, குளிர்ல கை நடுங்க நடுங்க நான் துடைச்ச எஞ்சின் இது. ஒரு சொட்டு எண்ணெய் நின்னா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. நீங்க ஒழுகவே விட்டிருக்கீங்க."

"போட்டிக்குப் போறது நான்தானுங்களே" என்றேன்.

"சரிங்க" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. டம்ளரில் பாதி டீ இருந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

வரவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்னும் கொஞ்சம் கரி பூசினேன். வேண்டுமென்றேதான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மா அரிசி டப்பாவைக் காலி செய்து கழுவினாள். அடியில் என் ஜாதகம் இருந்தது. எனக்கு முப்பத்தைந்து வயதானபோது அலுத்துப்போய் அங்கே போட்டவள். இப்போது நாற்பத்து மூன்று. எடுத்துத் தூசி தட்டிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"எதுக்கும்மா அது இப்ப?"

"அரிசில பூச்சி வருது கண்ணு, அதுக்குத்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "நாக்பூர்ல வெயிலு மண்டையப் பொளக்குமாமா. அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெய்யி" என்றாள்.

அவரைப் பார்த்தால்தானே சொல்ல.

செப்டம்பர் 29, ஞாயிறு

காசிராஜனின் பல்லுக்கு உறை போடுகிற நாள். வேறு வழியில்லாமல் வந்தார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பஞ்சை வைத்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அளவு விகிதம், ஒளி, நிழல், போன வருட நடுவரின் குறிப்பு, நான் செலவழித்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கொட்டினேன். கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவது பெரிய மனிதர் செய்கிற காரியமில்லை என்றும் சொன்னேன். துளசிமணி உறிஞ்சு குழாயைப் பிடித்தபடி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பஞ்சை எடுத்ததும் மெதுவாக வாயை மூடித் திறந்து பார்த்துக்கொண்டார். "நீங்க சொல்றது எல்லாம் சரிதான், டாக்டர். அந்த வண்டியை அப்படிப் பார்க்க எனக்கு மனசு வரல. அவ்வளவுதான்."

அளவு பார்க்கும் தாளைக் கடிக்கக் கொடுத்தேன். உறை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அக்டோபர் 6, ஞாயிறு

மறுபடியும் வந்தார், கடலைமிட்டாயோடு. விமானத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார். நாக்பூர்க்காரர்கள் சனிக்கிழமை ஆறு மணிக்குப் போன் செய்வார்களாம். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். "டீ இன்னொரு டம்ளர் வேணுங்களா" என்று கேட்டுவிட்டேன். முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 10, வியாழன்

மழை. அழுக்குக்கு மேலே கடைசியாக மங்கல் வார்னிஷ் அடித்தால்தான் அது நிற்கும். ஈரக் காற்றில் அடித்தால் வெளுத்துப் பூத்துவிடும். நாளை ஆயுத பூஜை முடிந்ததும் அடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அம்மா ஒட்டடை அடிக்கிறாள், எங்கே பார்த்தாலும் தூசி. விமானத்தைக் கிளினிக்கில் கருவிகள் வைக்கும் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். சூலூரிலேயே அதைவிடப் பத்திரமான, சுத்தமான இடம் கிடையாது. சாவி துளசிமணியிடம். நாளை பூஜைக்குக் கிளினிக்கைக் கழுவ அவள் விடியற்காலையில் வருவாள்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நோயாளி நாற்காலிக்கு மாலை. கம்ப்ரஸருக்குச் சந்தனம், குங்குமம். எக்ஸ்ரே மிஷினுக்குப் பட்டை பட்டையாக விபூதி. வாய் கொப்பளிக்கும் தொட்டிக்குக்கூட ஒரு பொட்டு. நடுவே தலைவாழை இலை, அதன்மேல் பொரி, கடலை, என் இடுக்கிகள், கண்ணாடிகள். எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக என் ஏ.என். 32. சுத்தமாக. மூக்கில் பெரிய சந்தனப் பொட்டு, அதன் நடுவே குங்குமம். இரண்டு புரொப்பெல்லருக்கும் ஒவ்வொன்று, வாலுக்கு ஒன்று.

"துளசிமணி" என்றேன்.

"பார்த்தீங்களா டாக்டரம்மா, எப்படி இருந்தது எப்படி ஆயிருச்சுன்னு. இத்தன அழுக்கோட நம்ம அலமாரில வெக்கலாமுங்களா? பஞ்சுல ஸ்பிரிட்ட நனைச்சு நனைச்சுத் தொடச்சேனுங். கரி வந்துட்டே இருந்துச்சு. ஒரு கட்டுப் பஞ்சு தீந்துபோச்சுங்." முகத்தில் அவ்வளவு திருப்தி.

அடியில் இருக்கும் லாக்கர் பெயின்ட், ஸ்பிரிட்டுக்கு அசையாது. மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒரு மாத வேலை. நல்ல நாளும் அதுவுமாக அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தக் கதவு ஈயத் தகடு வைத்தது, சத்தம் வெளியே வராது.

முகம் கழுவிக்கொண்டு வந்து, விமானத்தை எடுத்துக்கொண்டு போய் முடிந்ததைப் பூசலாம் என்று கையை நீட்டினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். "பூஜைல வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கோணும். தெரியாதாக்கு?"

அந்த நேரத்தில் காசிராஜன் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். பூஜையில் வைக்கச் சொல்லி அம்மா கேட்டிருந்தாளாம். இருபது வருடமாகக் கூடவே வைத்திருந்த குறடு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இலைக்கு முன்னால் குனிந்தவர் அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

துளசிமணிக்குப் பயம் வந்துவிட்டது. "தப்புப் பண்ணிட்டேனுங்களா சார்?" என்றாள்.

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நாங்க தமிழ்நாட்டுப் பசங்க எல்லாம் சேர்ந்து வண்டியைத் துடைப்போம்" என்றார் அவர், விமானத்தைப் பார்த்தபடியே. "ஏணி போட்டு ஏறி நான்தான் மூக்குல பொட்டு வைப்பேன். உயரமானவன்னு என்னைத்தான் ஏத்துவாங்க. இதே இடம்." பிறகு என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "டாக்டர், இதுதான் நம்ம வண்டி. கிட்ட வந்து பாருங்க."

எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எடுக்கத்தானே கூடாது.

அழுக்கு போகவில்லை. பரப்பில் இருந்தது மட்டும்தான் போயிருந்தது. தகடுகள் சேருகிற கோடுகளில், ஆணித் தலைகளைச் சுற்றி, கதவு இடுக்குகளில் கரி மெல்லியதாகத் தங்கியிருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் துடைத்தும் போகாத ஒரு நிழல். அதில் இழுப்பு எல்லாம் முன்னாலிருந்து பின்னால், ஒரே திசையில் போயிருந்தது. காற்று அப்படித்தான் போகும். துளசிமணிக்குக் காற்றைப் பற்றித் தெரியாது. கருவிகளை ஒரே பக்கமாகத்தான் துடைக்க வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது என்று சேர்ந்த புதிதில் நான் அவளைத் திட்டித் திட்டிப் பழக்கியிருந்தேன். நான் பூசியபோது அது யாரும் திரும்பிப் பார்க்காத விமானமாக இருந்தது. இப்போது தினமும் பறக்கிற, தினமும் ஒருவர் வந்து துடைக்கிற விமானம்.

நான் சொன்ன அழுக்கும் அதில் இருந்தது, அவர் சொன்ன சுத்தமும் இருந்தது.

"ஒரு தப்பும் பண்ணலை துளசிமணி" என்றேன். அவரும் நானும் சிரிக்க ஆரம்பித்தோம். அம்மா கற்பூரத்தோடு நின்றுகொண்டு, "சிரிச்சது போதும், எந்திரிச்சுக் கும்புடுங்க ரெண்டு பேரும்" என்றாள். சேர்ந்து கும்பிட்டோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 12, சனி, மாலை

விடிந்ததும் மறுபூஜை செய்து விமானத்தை எடுத்தோம். புரொப்பெல்லரிலும் வாலிலும் இருந்த பொட்டுகளை அழித்துவிட்டு, ரூட் கெனால் ஊசி முனையால் கடுகுக்கும் சின்னதாக வைத்தேன். மூக்கில் துளசிமணி வைத்த பொட்டு, கணக்குப் பார்த்தால் நிஜ விமானத்தில் ஒரு கல்யாணப் பந்தல் அண்டாவின் வாய் அளவு வரும். அதையும் மாற்ற ஊசியை எடுத்தேன். பூ பறித்துக்கொண்டு வந்த துளசிமணி வாசலில் நின்று பார்த்தாள். காசிராஜனும் பார்த்தார். ஊசியை வைத்துவிட்டேன். வார்னிஷும் அடிக்கவில்லை.

கண்காட்சிக்கு நான்கு பேரும் போனோம். அதே நடுவர். லென்ஸை வைத்துக்கொண்டு பத்து விமானங்களுக்கான நேரத்தை என் மேசையிலேயே செலவழித்தார். இந்தக் கரிக்கு என்ன மருந்து போட்டீர்கள், எந்தக் கம்பெனி என்று கேட்டார். குத்துவிளக்குக் கரி, சர்ஜிகல் ஸ்பிரிட், இவங்க கை என்று துளசிமணியை முன்னால் தள்ளினேன். அவள் பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுபடியும் இரண்டாம் பரிசு. குறிப்பு: 'இத்தனை வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த பழசாக்கும் வேலை. மூக்கிலுள்ள பொட்டு அளவு விகிதத்துக்கு மீறியது. அது மட்டும் சரியாக இருந்திருந்தால்.'

எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அந்தக் குறிப்பை அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "பொட்டு பெருசா இருந்தா என்னவாமா அவனுக்கு" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

விற்பனை மேசையில் காசிராஜன் ஒரு பெட்டி வாங்கினார். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை வைத்த சின்னப் பயிற்சி விமானம். "எனக்கும் சொல்லித் தருவீங்களா?" என்றார். "விஜயதசமி தம்பி, இன்னைக்கே ஆரம்பிச்சுப்போடுங்க" என்று அம்மா எனக்கு முந்திக்கொண்டாள்.

இப்போது மணி நான்கு. ஆறு மணிக்கு நாக்பூர்.

அதே நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்

ஐந்தரைக்கு வந்தார். மேல் இறக்கையின் இரண்டு பாதிகளை வெட்டி எடுக்கவும் தேய்க்கவும் காட்டினேன். நிஜ விமானத்தில் கை வைத்தவரின் விரலில் இந்தப் பொம்மை இறக்கை நிற்காமல் இரண்டு தடவை நழுவியது. ஓரத்தில் பசை தடவி, இரண்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். பத்து நிமிடம் இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டும், அசைந்தால் கோணிக்கொள்ளும் என்றேன். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தார்.

அவருடைய போன் மேசைமேல் இருந்தது. அது அடித்தது.

"டாக்டர், கையை எடுக்க முடியாது. அதை எடுத்துக் கொஞ்சம் என் காதுல வைக்கிறீங்களா?"

எடுத்தேன். கையில் அது அதிர்ந்துகொண்டிருந்தது. பதினெட்டு வருடமாக வாய் திறந்து பேச முடியாதவர்களிடமே பேசிப் பழகியவள் நான். இவருக்குக் கை மட்டும்தான் கட்டுண்டிருந்தது. நான் எதைச் சொன்னாலும் இவர் பதில் சொல்லிவிடுவார். இல்லை என்றும் சொல்லலாம். அது எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"போகாதீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கையிலிருந்த இறக்கையைப் பார்த்தார். "இது காயற வரைக்குமா?"

"காஞ்ச பிறகும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்தார். பல்லுக்கு ஊசி போட்ட அன்று ஒரு பக்கமாக வந்த அதே சிரிப்பு, இன்று இரண்டு பக்கமும் வந்தது.

"அப்ப வைங்க. அவங்ககிட்டச் சொல்லணும்ல."

காதில் வைத்தேன். இந்தியில் பேசினார். எனக்கு இந்தி தெரியாது. இல்லை என்பதற்கு 'நஹி' என்ற ஒரு சொல்தான் தெரியும். அது வந்தது. பிறகு சிரித்துக்கொண்டே, மெதுவாக, மறுபடியும் வந்தது.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கேட்கட்டும். அந்தப் பக்கம் போனை வைத்து வெகுநேரம் ஆகியும் நான் அதை அவர் காதிலிருந்து எடுக்கவில்லை. இறக்கை எப்போதோ காய்ந்திருக்கும். அவரும் கையை எடுக்கவில்லை.